சீஸ் மூடியில் பிறந்த தமிழ் எழுத்து!

குழந்தைகளே, ஒரு சின்னக் கற்பனை. கொல்லிமலை குண்டனி நாட்டைச் சேர்ந்த பத்துப் பிள்ளைகள், ஆடி 18 அன்று நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு போக ஆசைப்படுகிறார்கள். பனியனின் நெஞ்சில் வில்லேந்திய ஓரியின் படம். கீழே தமிழில் அவர்களுடைய ஊரின் பெயர். மலையில் இருந்து இறங்கி நாமக்கல்லில் ஒரு கடைக்குப் போகிறார்கள். அங்கே மேஜை மேல் இருப்பதோ, காகிதத்தில் படம் அச்சடிக்கும் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்!

காகித பிரிண்டர் எப்படித் துணிக்கு அச்சடிக்கும்? அதைக் கொஞ்சம் மாற்றி அமைத்திருக்கிறார்கள். மை ஈரமாக இருக்கும்போது மேலே உரசிக் கெடுத்துவிடும் சிறு சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்ண மைகளோடு வெள்ளை மையும் ஊற்றி, காகிதத்துக்குப் பதில் கண்ணாடி போன்ற பிலிமை உள்ளே விடுகிறார்கள். படம் பிலிமில் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவது போல அச்சாகும். ஈர மையின் மேல் ஒரு பசைப் பொடியைத் தூவி, சூடுகாட்டி உருக்குவார்கள். பிறகு பனியன் மேல் பிலிமைக் கவிழ்த்து வைத்து, சூடான இரும்புப் பலகையால் அழுத்தினால் படம் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றி அமைப்பதோடு வேலை முடிந்ததா? இல்லை! வெள்ளை மையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி கனமானது. இரண்டு நாள் சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். மை பீய்ச்சும் துளைகளோ தலைமுடியை விட மெல்லியவை. அடைத்துக்கொண்டால் இயந்திரம் படுத்துவிடும். எனவே தினமும் மையைக் குலுக்க வேண்டும், துளைகளைச் சோதிக்க வேண்டும், துடைக்க வேண்டும். ஒரு வேலைக்காகச் செய்த இயந்திரத்தை வேறு வேலைக்குப் பழக்குவது அவ்வளவு சுலபம் இல்லை.

300 ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற தொல்லையில் மாட்டிக்கொண்டார் ஒருவர். அவர் கையில் கிடைத்த அச்சு இயந்திரத்துக்குத் தமிழே தெரியாது! அதைத் தமிழ் அச்சடிக்க வைக்க அவரும் அவருடைய கூட்டாளிகளும் பட்ட பாடு ஒரு பெரிய கதை. அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

சீகன்பால்கு 1682-ல், இன்றைய ஜெர்மனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடம்பும் அடிக்கடி படுத்தும். ஆனாலும் படிப்பை விடவில்லை. ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார்.

அந்தக் காலத்தில் நம் தரங்கம்பாடி டென்மார்க் நாட்டவரின் கையில் இருந்தது. 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். அந்த ஊருக்குக் கிறிஸ்தவ சமயப் பணி செய்ய ஆட்களை அனுப்ப டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் விரும்பினார். சீகன்பால்குவும் அவருடைய நண்பர் புளுட்சோவும் கப்பல் ஏறினார்கள். 1705 நவம்பரில் கிளம்பிய கப்பல் 1706 ஜூலை 9 அன்றுதான் தரங்கம்பாடியை அடைந்தது. ஏழு மாதத்துக்கும் மேல் கடலிலேயே!

வந்து இறங்கிய சீகன்பால்குவுக்கு அப்போது சுமார் 24 வயது. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கற்றுக்கொள்ள அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு முதிய வாத்தியாரைத் தேடிப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்தார். குட்டிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகுவார்கள். அவர்களுக்கு நடுவே இந்த உயரமான வெள்ளைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து மணலில் விரலை ஓட்டினார். பல மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் அவருக்கு விளக்கம் சொல்லி உதவினார்.

சில மாதங்களிலேயே பேச வந்துவிட்டது. பிறகு ஓலைச்சுவடிகள் மேல் ஆசை பிறந்தது. ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடிகளை வாங்கினார். 1708-ல் தம்மிடம் இருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டபோது நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் இருந்தன. நீங்கள் பள்ளியில் படிக்கும் கொன்றை வேந்தனையும், கூடவே உலக நீதி, நீதி வெண்பா ஆகியவற்றையும் அதே ஆண்டில் ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். 1707-லேயே பள்ளி தொடங்கிப் பெண் பிள்ளைகளுக்கும் கல்வி கற்பித்தார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று நினைக்காதீர்கள். கோட்டையின் டேனிஷ் தளபதிக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. 1708 நவம்பரில் தளபதி அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் வெளியே விட்டார். ஐரோப்பாவில் இருந்து வந்தவரை ஐரோப்பியரே சிறையில் வைத்தார்கள்!

வெளியே வந்ததும் விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடர்ந்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டை 1711-ல் தமிழில் எழுதி முடித்தார். ஆனால் அதைப் பலருக்குக் கொடுப்பது எப்படி? ஒவ்வொரு பிரதியையும் எழுத்தாளர்கள் உட்கார்ந்து எழுத்தாணியால் ஓலையில் கீறி எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலும் அப்படியேதான். நூறு பிள்ளைகள் இருந்தால் நூறு முறை எழுத வேண்டும். நாளும் போனது, கூலியும் ஏறியது. அச்சு இயந்திரம் அனுப்புங்கள் என்று ஐரோப்பாவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார் சீகன்பால்கு.

லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கம் மனம் இரங்கியது. 1711-ல் ஓர் அச்சு இயந்திரம், கட்டுக் கட்டாகக் காகிதம், இயக்கத் தெரிந்த ஜோனாஸ் பிங்க் என்ற அச்சுக்காரர் எல்லாம் ஒரே கப்பலில் கிளம்பின. அந்தக் காலப் பாய்மரக் கப்பல்கள் காற்றின் போக்கில் அட்லாண்டிக் கடலைச் சுற்றி, பிரேசில் பக்கமாகவும் போகும். ரியோ டி ஜெனீரோவில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்துத்தான் கப்பலை மீட்க முடிந்தது. கப்பலின் அடியில் கிடந்த அச்சு இயந்திரம் தப்பியது. ஆனால் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குச் சற்று முன்னால் ஜோனாஸ் பிங்க் காய்ச்சலில் இறந்துபோனார்.

ஆக, 1712-ல் இயந்திரம் வந்தது. இயக்கும் ஆள் வரவில்லை!

பிரித்துப் போட்ட மரக்கட்டைகளையும் இரும்புத் திருகையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தரங்கம்பாடி முழுவதும் விசாரித்ததில், டேனிஷ் படையில் வேலை பார்த்த ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு அச்சுத்தொழில் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். துப்பாக்கி பிடித்த கை அச்சுக்கோக்க வந்தது.

அந்த இயந்திரத்தில் மின்சாரம் கிடையாது, பல் சக்கரம்கூடக் கிடையாது. முதலில் ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரிசையாகக் கோக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் இடவலம் மாறி இருக்கும். நம் பனியன் கடைப் பிலிமைப் போலவேதான்! கோத்த எழுத்துகளின் மேல், கம்பளி அடைத்த தோல் உருண்டையால் மையைத் தட்டித் தட்டித் தடவ வேண்டும். மேலே லேசாக ஈரப்படுத்திய காகிதத்தை வைத்து, நீண்ட கைப்பிடியை இழுத்தால், திருகு இறங்கிப் பலகையை அழுத்தும். காகிதத்தை எடுத்துத் துணி காயப்போடுவது போலக் கொடியில் தொங்கவிட வேண்டும். ஒரு தாளுக்கு இவ்வளவு வேலை.

சிப்பாயின் உதவியால் இயந்திரம் ஓடியது. ஆனால் லண்டனில் இருந்து வந்தவை ஆங்கிலம், போர்த்துகீசிய மொழிகளுக்கான எழுத்துகள் மட்டுமே. கடற்கரை ஊர்களில் வியாபாரிகள் பலருக்கும் போர்த்துகீசியம் தெரியும் என்பதால் அந்த மொழியில் சிறு நூல்கள் வெளிவந்தன. சீகன்பால்கு கேட்டது அது இல்லையே! மணலில் விரல் வைத்துக் கற்ற மொழிக்கு அந்த இயந்திரத்தில் இடமே இல்லை.

தமிழில் அதற்கு முன் அச்சே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. அண்டிரிக்கு அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியாரின் முயற்சி அது. ஆனால் அந்த எழுத்துகள் சீகன்பால்குவின் கைக்கு வந்து சேரவில்லை. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. பெரிய எழுத்தையும் சேர்த்தால் 52. தமிழுக்கோ 247! நல்ல வேளையாக, அச்சுக்கு 247 தனித்தனித் துண்டுகள் தேவையில்லை. 'கொ' என்பதற்கு ஒற்றைக் கொம்பு, 'க', கால் என்று மூன்று துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் போதும். அந்த மூன்றையும் வேறு எழுத்துகளோடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 'கு', 'கூ', 'டு', 'டூ' போன்றவற்றைப் பிரிக்க முடியாது. பழைய 'னை', 'லை' எழுத்துகளுக்கு மேலே யானைத் துதிக்கை போல ஒரு சுழி இருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை அப்படித்தான் எழுதினார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் எழுதிக் காட்டுவார்கள். இவற்றுக்கெல்லாம் தனித் துண்டு வேண்டும். ஒரே பக்கத்தில் 'க' முப்பது இடத்தில் வந்தால், முப்பது 'க' வார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

சீகன்பால்கு தமிழ் எழுத்துகளின் வடிவங்களை ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். தமிழைக் காதால்கூடக் கேட்டிராத கைவினைஞர்கள் அங்கே அவற்றைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். 1713-ல் அந்த எழுத்துகள் தரங்கம்பாடி வந்தன. கூடவே யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற அச்சுக்காரரும், அவருடைய இளம் வயதுத் தம்பியும், இன்னொரு தொழிலாளியும் வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டே தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கிவிட்டது. வெற்றிதானே?

இங்கேதான் அடுத்த தொல்லை. ஹாலே எழுத்துகள் மிகப் பெரியவை! ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின. புதிய ஏற்பாட்டை அச்சடிக்க ஆரம்பித்தால் காகிதக் கட்டுகள் கண்முன்னே கரைந்தன. காகிதமோ ஐரோப்பாவில் இருந்து வர வேண்டும். கப்பல் வர அரை ஆண்டுக்கும் மேல் ஆகும். வழியில் புயல், போர், கொள்ளை. காகிதம் தீர்ந்தால் அடுத்த கப்பல் வரும் வரை கைகட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆட்லர் கெட்டிக்காரர். எழுத்தைச் சின்னதாக்கினால் காகிதம் மிச்சம் என்று கண்டார். எழுத்து செய்வது மூன்று படி வேலை. எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்புத் துண்டில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் எழுத்தின் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து தயார். ஒரு பள்ளத்தில் இருந்து எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆனால் ஈயத்துக்கு எங்கே போவது?

லண்டன் சங்கத்தார் தரங்கம்பாடி நண்பர்களுக்கு அவ்வப்போது செஷைர் சீஸ் அனுப்புவது வழக்கம். பாலாடைக்கட்டி வகைதான் அது. கடல் காற்றில் கெட்டுப்போகாமல் இருக்க அந்தப் பெட்டிகளை ஈய மூடி போட்டு மூடியிருப்பார்கள். சீஸைச் சாப்பிட்டாயிற்று, மூடி வீணாகக் கிடக்கிறது. ஆட்லர் அந்த மூடிகளை உருக்கி ஊற்றினார். சின்னஞ்சிறு தமிழ் எழுத்துகள் பிறந்தன! இங்கிலாந்து மாட்டுப்பால் சீஸின் மூடி 'அ'வும் 'ழ'வும் ஆன அதிசயத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

1714-ல் புதிய ஏற்பாட்டின் ஒரு பகுதி வெளிவந்தது. 1715-ல் முழுவதும் அச்சாகி முடிந்தது.

ஆட்லர் அதோடு நிற்கவில்லை. தரங்கம்பாடியை அடுத்த பொறையாறில் எழுத்து வார்க்கும் பட்டறையும், காகிதம் செய்யும் ஆலையும் ஏற்பட்டன. மையும் இங்கேயே செய்தார்கள். அச்சு மை என்பது புகைக்கரியும் நன்றாகக் காய்ச்சிய எண்ணெயும் சேர்ந்த கலவை. எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் எழுத்தைச் சுற்றி மஞ்சள் கறை படரும். கெட்டியாகிவிட்டால் உருண்டையில் ஒட்டிக்கொண்டு வராது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எழுத்துகளில் இருந்து மையைக் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து, 'ஈ'யின் இரண்டு புள்ளியும் அடைத்துப்போகும். நாமக்கல் கடைக்காரர் மைத்துளையைத் துடைப்பதும் இதே காரணத்துக்காகத்தானே? காகித ஆலை மட்டும் நீண்ட நாள் ஓடவில்லை. கப்பல் காகிதத்தை நம்பியே அச்சுக்கூடம் காலம் தள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால், எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஈய எழுத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்தக் கால அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலும் புள்ளியைக் காண முடியாது. 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்து நாமே ஊகித்துப் படிக்க வேண்டும்!

1714 கடைசியில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணம் ஆனார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். தமிழ் கற்க விரும்பும் ஐரோப்பியருக்காக சீகன்பால்கு லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அங்கேயே மரியா டோரத்தியாவைத் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டில் தரங்கம்பாடி திரும்பினார். ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718 அக்டோபரில் அது திறக்கப்பட்டது.

சிறு வயதில் இருந்தே படுத்திய உடம்பு அதற்கு மேல் தாங்கவில்லை. டென்மார்க்கில் இருந்த மேலதிகாரிகளின் கடுமையான கடிதங்களும் அவர் மனதை வாட்டின. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்தார். பைபிளின் பழைய ஏற்பாட்டை ரூத் என்ற பகுதி வரை தமிழாக்கி வைத்திருந்தார். பின்னால் வந்த சூல்ட்சே என்பவர் மீதியை எழுதி முடித்தார். சீகன்பால்குவின் உடலை அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனால் டான்ஸ்போர்க் கோட்டையோடு அந்த ஆலயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. தமிழ் மக்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றி, நம் ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார் சீகன்பால்கு. ஐயனார், மாரியம்மன் முதலிய ஊர்த் தெய்வங்களும் அதில் உண்டு. 1713-ல் அதை அச்சிடச் சொல்லி ஹாலேக்கு அனுப்பினார். அவருடைய ஆசிரியர் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. கிறிஸ்தவப் பணிக்குப் போனவர் மற்ற தெய்வங்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நினைத்து, அச்சிடாமல் ஒதுக்கி வைத்துவிட்டார்.

கடலுக்கு அப்பால் இருந்து இயந்திரத்தை வரவழைத்து, அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மனிதர், தம் சொந்தப் புத்தகத்தை அச்சில் பார்க்காமலே கண்ணை மூடினார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஹாலேயில் தூசி படிந்து கிடந்தது. அவர் இறந்து 148 ஆண்டுகள் கழித்து, 1867-ல்தான் அது புத்தகமாக வந்தது. அச்சான இடம் ஜெர்மனி இல்லை, நம் சென்னை!